இந்த வண்டி இதுவரை என்ன ஏற்றியது? பழைய பிக்கப் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பழைய கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை பேரிடம் கைமாறியிருக்கிறது என்று விசாரித்தால் ஓரளவு முடிவுக்கு வந்துவிடலாம். பழைய பிக்கப் வண்டிக்கு அந்த இரண்டு கேள்விகளும் போதுவதில்லை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடி இரண்டு லட்சம் கிலோமீட்டர் கண்ட வண்டியும், ஒரே ஊருக்குள் செங்கல்லும் எம்-சாண்டும் ஏற்றி எழுபதாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியும் அடுத்தடுத்து நின்றால், நான் முதலில் குனிந்து பார்ப்பது காய்கறி வண்டியைத்தான். சீரான வேகத்தில் ஓடும் இன்ஜின் தேய்வதைவிட, அளவுக்கு மீறிய பாரத்தோடு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி முக்கி ஏறும் வண்டியின் கிளட்ச்சும் ஸ்பிரிங்கும் சேஸிஸும் வெகு சீக்கிரம் தேய்கின்றன. ஆகவே, விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி இதுவரை என்ன ஏற்றியது என்பதுதான். அதற்கு அவர் தரும் பதில் உண்மைதானா என்பதை வண்டியே சொல்லிவிடும். அதை எப்படிப் படிப்பது என்பதையும், வாங்கிய பிறகு மாதாமாதம் எவ்வளவு செலவாகும் என்பதையும் தமிழ்நாட்டுச் சூழலை வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் உங்கள் சுமையை அளந்துகொள்ளுங்கள்

பழைய வண்டிச் சந்தையில் புதிதாகத் தொழில் தொடங்குபவர் கண்ணில் அதிகம் படுபவை மூன்று வகை வண்டிகள். 2005இல் வந்த டாடா ஏஸ், நம் ஊரில் குட்டியானை என்று பெயர் பெற்றது. அதன் தொடக்க கால வண்டிகளில் 702 சிசி கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினும் 750 கிலோ சுமைத் திறனும் இருந்தன. 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த், ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோடு ஒன்றேகால் டன் ஏற்றும் வண்டி. மஹிந்திரா பொலிரோ பிக்கப், இரண்டரை லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு ஒன்றேகால் டன்னிலிருந்து 1.7 டன் வரை பல வகைகளில் வந்திருக்கிறது.

விலை குறைவாக இருக்கிறதே என்று குட்டியானையை வாங்கி அதில் ஒன்றரை டன் ஏற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவின்படி அதிக பாரத்துக்கான அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும். அதிகப்படியான சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. அபராதத்தில் சிக்காமல் தப்பினாலும், ஓராண்டுக்குள் ஸ்பிரிங், கிளட்ச், டயர் ஆகிய மூன்றும் அதே தொகையைக் கேட்டு நிற்கும். வாரத்தில் ஐந்து நாள் நீங்கள் ஏற்றப்போகும் எடை எவ்வளவோ, அதைவிடக் கால் பங்காவது கூடுதலான சுமைத் திறன் உள்ள வண்டியைத் தேடுவதே முறை.

வண்டியின் மொத்த எடை, அதாவது வண்டியும் சரக்கும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை, 3,000 கிலோவுக்கு மிகாமல் இருந்தால் சரக்கு வண்டிக்கான பெர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப்களில் சில அந்த எல்லையைத் தாண்டுபவை. எனவே பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஓட்டுநர் உரிமம் குறித்து இன்னும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குக் குறைவான சரக்கு வாகனத்தைத் தனி ஒப்புதல் இல்லாமலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டை விட்டுக் கிளம்புமுன்

வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், எஃப்.சி. என்று நாம் சொல்லும் தகுதிச் சான்று எதுவரை உள்ளது, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா, அபராதம் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்த்துவிடுங்கள். கடன் கட்டி முடித்தாகிவிட்டது என்று விற்பவர் வாயால் சொல்வது போதாது. பதிவுச் சான்றில் எச்.பி., அதாவது கடன் கொடுத்தவரின் உரிமைப் பதிவு, கேன்சல் ஆகியிருக்க வேண்டும், அல்லது கடன் கொடுத்தவர் கையொப்பமிட்ட படிவம் 35ம் தடையின்மைச் சான்றும் கையில் இருக்க வேண்டும்.

எஃப்.சி. தேதி விலையோடு நேரடியாகத் தொடர்புடையது. மத்திய விதிகளின்படி சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். எட்டு ஆண்டைக் கடந்த வண்டியை வாங்குகிறீர்கள் என்றால் ஆண்டுதோறும் பெயின்ட், ஒளிப் பட்டை, விளக்கு, பிரேக் வேலை என்று ஒரு செலவு வந்துகொண்டே இருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கான கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பல மடங்கு உயர்த்தப்பட்டிருப்பதால், அந்த வயதை நெருங்கும் வண்டியை மலிவாகக் கொடுத்தாலும் புதியவர் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

"எஃப்.சி. போட்டுத் தருகிறேன்" என்று விற்பவர் சொல்வது பெரும் சலுகை போலத் தோன்றும். எஃப்.சி. காட்டுவதற்காகப் பளபளவென்று பெயின்ட் அடிப்பது நம் ஊரில் வழக்கம் என்பதால், புதிய பெயின்ட்டைக் கண்டதுமே சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயின்ட் காயுமுன் அடியில் என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நான் வாங்கிய முதல் பிக்கப் அப்படித்தான் வந்தது. மூன்றாம் மாதம் பின்பக்கச் சரக்குத் தொட்டியைக் கழற்றியபோது குறுக்குச் சட்டம் விரலால் குத்தினால் உதிரும் அளவுக்குத் துரு ஏறியிருந்தது. அது மீன் ஏற்றிய வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, முடிந்தவரை எஃப்.சி. வேலை தொடங்குமுன் வண்டியைப் பார்ப்பதையும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்வதையுமே நான் விரும்புகிறேன்.

தொட்டியும் சேஸிஸும்

இன்ஜினைத் திறந்து பார்க்கும் ஆவலைச் சற்று அடக்கிக்கொண்டு, முதலில் சரக்கு ஏற்றும் தொட்டிக்குள் ஏறி நில்லுங்கள். தரைத் தகடு எங்கும் சீராக இல்லாமல் பள்ளம் பள்ளமாக இருந்தால் கல், இரும்பு போன்ற பாரமான சரக்கை மேலிருந்து போட்டிருக்கிறார்கள். மூலைகளில் சாம்பல் நிறத்தில் இறுகிய படிவு இருந்தால் அது சிமென்ட் வண்டி. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள தடுப்பு முன்னோக்கி வளைந்திருந்தால், கம்பியோ குழாயோ ஏற்றிக்கொண்டு போகும்போது திடீர் பிரேக் அடித்ததன் அடையாளம். உப்பு, மீன், ஐஸ் ஆகியவை ஏற்றிய வண்டியில் தகடுகள் இணையும் மடிப்புகளிலிருந்து பழுப்பு நீர் வடிந்த கோடுகள் பெயின்ட்டையும் மீறித் தெரியும். தூத்துக்குடி, வேதாரண்யம், நாகப்பட்டினம், ராமேசுவரம் பக்கம் ஓடிய வண்டி என்றால் இந்த மடிப்புகளை இரண்டு முறை பாருங்கள்.

அடுத்து, ஒரு சாக்கை விரித்துக்கொண்டு டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் படுங்கள். வெட்கப்பட வேண்டாம், படுக்க விடாத விற்பனையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம். சேஸிஸின் இரு நீளச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் போட்டுப் பார்க்கையில், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தாங்கிகளைச் சுற்றியும், குறுக்குச் சட்டம் சேரும் இடங்களிலும், ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடைப்பட்ட பகுதியிலும் நின்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். அதிக பாரத்தில் சேஸிஸ் விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். அங்கே தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வெல்டிங்கின் விளிம்பிலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும். சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் தேய்த்த தடமோ ஒட்டு வேலையோ தெரிந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். பிறகு எழுந்து, பத்தடி பின்னால் போய் நின்று, ஓட்டுநர் அறையும் தொட்டியும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தால், விபத்தில் முறுக்கிய சேஸிஸ் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை எண்ணுங்கள். இடதுபுறமும் வலதுபுறமும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். அதே வகை வண்டியில் கம்பெனி கொடுத்த எண்ணிக்கை என்ன என்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். ஒன்றோ இரண்டோ பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தால், "பாரம் தாங்கும்படி செய்து வைத்திருக்கிறேன்" என்று விற்பவர் பெருமையாகச் சொல்லக்கூடும். வழக்கமாகவே அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டியதில்லை.

கூடுதல் பட்டையால் வரும் இன்னொரு கேடு பலர் அறியாதது. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே, பாரத்தை உணர்ந்து பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. பாரம் ஏறி வண்டியின் பின்பகுதி தாழ்ந்தால் அந்த வால்வு பின் சக்கரங்களுக்கு அதிக பிரேக் அழுத்தத்தை விடும். வண்டி காலியாக இருந்து பின்பகுதி உயர்ந்திருந்தால், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். கூடுதல் பட்டை போட்ட வண்டியில் இரண்டு டன் ஏற்றினாலும் பின்பகுதி போதுமான அளவு தாழாது; வண்டி காலியாக இருக்கிறது என்று ஏமாறும் வால்வு, பிரேக் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதைக் குறைத்துவிடும். சில பணிமனைகளில் இந்த வால்வின் கம்பியைக் கழற்றிக் கட்டிப்போட்டும் விடுகிறார்கள். அந்தக் கம்பி இருபுறமும் மாட்டியிருக்கிறதா, வால்வு துருப்பிடித்து இறுகாமல் அசைகிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளிர்ந்த இன்ஜினைத்தான் பார்க்க வேண்டும்

வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் செல்ஃப் எடுப்பதில் ஏதோ சிரமம் இருப்பதால்தான் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை மீண்டும் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும்போது நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் அளவுக் குச்சியில் மோர் போல வெளுத்த ஆயில் ஒட்டியிருந்தாலோ, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கட், போயிருக்கலாம். ஹெட்டே வெடித்திருக்கவும் கூடும். பாரம் ஏற்றிச் சூடேறிய பிறகும் நிறுத்தாமல் ஓட்டிய சிறிய இன்ஜின்களில் இது அடிக்கடி காணும் நோய். குட்டியானையில் இன்ஜின் இருக்கைக்கு அடியில் இருப்பதால், இருக்கையைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கியவர்களே அதிகம்.

செல்ஃப் அடித்ததும் வரும் புகையைப் பாருங்கள். நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். ரிங்கோ வால்வு சீலோ டர்போவோ காரணமாக இருக்கலாம். கறுப்புப் புகை, காற்று போதாமல் டீசல் அதிகமாகப் போவதைக் காட்டும். அடைத்த ஏர் ஃபில்டர் என்றால் சில நூறு ரூபாயில் முடியும், இன்ஜெக்டர் என்றால் பல ஆயிரம் ஆகும். காலையில் சிறிது நேரம் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் ஹீட்டர் பிளக் சரியாக வேலை செய்யாததால் எரியாமல் வரும் டீசல். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வந்தால் மேலே சொன்ன கேஸ்கட் சிக்கல்தான்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மெல்லிய ஆவி வருவது இயல்பு. குபுகுபுவென்று புகை அடித்து, மூடியை வாய்மேல் வைத்தால் தூக்கித் தள்ளினால், மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்லும் நோய் முற்றிவிட்டது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் போர் எல்லாம் செய்ய வேண்டிய முழு இன்ஜின் வேலை காத்திருக்கிறது. அந்த ஒரு வேலை, குறைந்த விலை வண்டியின் மதிப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்பதால் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினா, செயின் உள்ளதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால், மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

எந்த ஆண்டு வண்டி என்பதைப் பொறுத்து நோயின் வகையும் மாறும். புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.4 விதி நாடு முழுவதும் 2017 ஏப்ரலிலும், அதைவிடக் கடுமையான பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியை ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். புகை வரும், ஆனால் வழியில் நின்றாலும் எப்படியாவது வீடு வந்து சேரும். காமன் ரயில் இன்ஜினில் டீசல் மிக உயர்ந்த அழுத்தத்தில் போவதால், ஃபில்டரில் தேங்கும் நீரோ தூசியோ இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். பி.எஸ்.6 வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாய்த் தொடரில் இருக்கிறது. அந்தக் கரி எரிவதற்கு வண்டி சிறிது நேரமாவது தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். தெருத்தெருவாகத் தண்ணீர் கேன் போடுவது போன்ற குறுந்தூர வேலை செய்யும் வண்டியில் அந்த வாய்ப்பே வராமல் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். சாவியைப் போட்டதும் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒரு முறை எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியாத விளக்கு, வேண்டுமென்றே கழற்றிய விளக்காக இருக்கலாம். என்னைக் கேட்டால், ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் தொழிலுக்கு நல்ல நிலையில் உள்ள பி.எஸ்.4 வண்டி தொல்லை குறைந்தது. நெடுந்தூரம் ஓடுபவர் பி.எஸ்.6ஐத் தயங்காமல் வாங்கலாம்.

பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குவது அரை குறையான சோதனை. கடைக்காரரிடம் கேட்டு நாலைந்து மூட்டையாவது ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலம் இருக்கும் சாலையாகப் பார்த்துப் போங்கள். மேட்டில் மூன்றாம் கியரில் அழுத்தும்போது இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்ச் மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; கியர் பாக்ஸை இறக்கும் கூலி ஒன்றுதான் என்பதால், பிளேட்டை மட்டும் மாற்றிச் சிக்கனம் செய்தவர் ஆறு மாதத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பார்.

இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரவென்ற சத்தம் வந்தால், கியர் சத்தமின்றிச் சேர உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. கியரில் போகும்போது காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். புறப்படும்போது அடியிலிருந்து டக்கென்று ஓர் உதை கேட்டால், பின் அச்சுக்கு விசை கொண்டுபோகும் தண்டின் இணைப்பான கிராஸ் தேய்ந்திருக்கலாம். அது சிறிய செலவு. வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தால், பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களான கிரவுன் பினியன். அது பெரிய செலவு. ஸ்டீயரிங்கை விரல் அகலம் அசைத்தும் சக்கரம் அசையாமல் இருந்தால் ஸ்டீயரிங் பாக்ஸ், டை ராட் எண்ட், கிங் பின் ஆகியவற்றில் எது என்று ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்தே சொல்ல முடியும்.

ஓட்டி முடித்து இறங்கியதும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கோடு நன்றாக இருந்தாலும் ஆறேழு ஆண்டான டயரைப் பார வண்டியில் நம்ப வேண்டாம். மின்சார வேலைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேட்டரி, டைனமோ, செல்ஃப் மோட்டார் மூன்றையும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் பார்த்துவிடுவார். விளக்கு, ஹாரன், மியூசிக் சிஸ்டம் என்று கண்டபடி ஒட்டுப் போட்ட ஒயர்கள் மட்டும் தீப்பிடிக்கும் ஆபத்து உள்ளவை.

மாதச் செலவுக் கணக்கு

வண்டி வாங்கும் பணத்தைப் புரட்டிவிட்டால் தொழில் தொடங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் கீழே உள்ள கணக்கைத் தங்கள் எண்களைப் போட்டு ஒரு முறை செய்து பார்க்க வேண்டும். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பாரத்தோடு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைப்பதாகவும், டீசல் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். டீசலுக்கு மட்டும் ஏறத்தாழ 19,200 ரூபாய் ஆகிறது. வாடகைக்கு ஓடும் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி வரி நீங்கலாக ஆண்டுக்கு 16,049 ரூபாய். மாதத்துக்கு 1,340 ரூபாய் என்று கொள்ளலாம். நான்கு டயர் 24,000 ரூபாய்க்கு வாங்கி 40,000 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 1,500 ரூபாய். ஆயிலும் ஃபில்டர்களும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 6,000 ரூபாய் என்றால் அதுவும் மாதம் 1,500 ரூபாய். இவற்றோடு பழுதுக்கென்று கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 3,750 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால், மொத்தம் ஏறத்தாழ 27,300 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 11 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஓட்டுநர் சம்பளம், கடன் தவணை, எஃப்.சி., சாலை வரி, சுங்கக் கட்டணம் எதுவும் இதில் இல்லை.

பழுதுக்கு எடுத்து வைக்கும் அந்த ஒன்றரை ரூபாயைத்தான் எல்லாரும் முதலில் வெட்டுகிறார்கள். பழைய வண்டியின் பழுது மாதாமாதம் சீராக வருவதில்லை; ஐந்து மாதம் ஒன்றும் இல்லாமல் ஓடி, ஆறாம் மாதம் கிளட்ச்சும் டைனமோவும் சேர்ந்து வந்து நிற்கும். அந்த நேரத்தில் கையில் பணம் இல்லாமல் வண்டியைப் பணிமனையில் போட்டு வைக்கும் நாட்களின் வாடகை இழப்பு, பழுதுச் செலவைவிடப் பெரிதாகப் போய்விடும்.

வாடகை பேசும்போது திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். நூறு கிலோமீட்டர் தூரத்துக்குச் சரக்கு கொண்டுபோய்விட்டு, ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாக வந்தால் வண்டி ஓடியது இருநூறு கிலோமீட்டர்.

கடன் வாங்குவோர் வட்டி விகிதத்தைக் கேட்பதோடு நிற்காமல், அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கான வட்டியா என்றும் கேட்க வேண்டும். மூன்று லட்சம் ரூபாயை 12 சதவீத ஃபிளாட் வட்டிக்கு மூன்று ஆண்டில் கட்டுவதாக வாங்கினால், வட்டி மட்டும் 1,08,000 ரூபாய். மாதத் தவணை 11,333 ரூபாய். அசல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வந்தாலும் முழு மூன்று லட்சத்துக்கும் கடைசி வரை வட்டி கட்டுகிறீர்கள். குறையும் நிலுவை முறையில் பார்த்தால் அது 21 சதவீதத்துக்குச் சமம்.

விலை பேசி, பெயரை மாற்றுதல்

பார்த்து வைத்த குறைகளை ஒவ்வொன்றாக எழுதி, அருகில் உங்கள் மெக்கானிக் சொன்ன செலவையும் எழுதி, அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுங்கள். "வண்டி சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் விற்பவருக்குக் கோபம்தான் வரும். "கிளட்ச்சுக்கு இவ்வளவு, பின் டயர் இரண்டுக்கு இவ்வளவு" என்று காட்டினால் பேச்சு இறங்கிவரும். மெக்கானிக்கை நீங்களே அழைத்துப் போங்கள். விற்பவரோ தரகரோ காட்டும் மெக்கானிக் வேண்டாம்.

பணம் கொடுக்கும் நாளிலேயே படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையொப்பம் வாங்கி, பெயர் மாற்றத்துக்கு உடனே விண்ணப்பித்துவிடுங்கள். கையொப்பமிட்ட படிவங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விபத்து நடந்தால் பதிவுச் சான்றில் யார் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டதால், விவரம் தெரிந்த விற்பவர் இதில் உங்களைவிட அவசரம் காட்டுவார். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான தள்ளுபடி பழைய உரிமையாளருக்கே உரியது. அது வண்டியோடு சேர்ந்து உங்களுக்கு வராது என்பதால், அடுத்த ஆண்டுப் பிரீமியம் சற்றுக் கூடுதலாகவே வரும்.

முதல் மாதம்

முந்தையவர் எதை எப்போது மாற்றினார் என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல், இன்ஜின் ஆயில், கியர் பாக்ஸ் ஆயில், கிரவுன் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், மூன்று ஃபில்டர்கள் அனைத்தையும் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் வைக்கும்போது, பிரேக் லைனரும் வீல் சிலிண்டரும் எப்படி இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். கூடுதல் பட்டை இருந்தால் அதையும் அப்போதே கழற்றச் சொல்லி, பிரேக் வால்வை மீண்டும் சரியான அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சிறு நோட்டை வண்டியிலேயே வையுங்கள். டீசல் போடும் ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, தேதி, கிலோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதிவாருங்கள். அதே பாதையில் அதே சுமையோடு 12 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அடுத்தடுத்து மூன்று முறை 10 கொடுத்தால், இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்லிப் பணிமனைக்கு ஓடுமுன், டயரில் காற்றைப் பார்த்துவிட்டு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். இரண்டு பேர் தள்ளியும் காலி வண்டி நகர மறுத்தால் பிரேக் எங்கோ பிடித்திருக்கிறது. சில நூறு ரூபாய் வேலை.